உயர்நிலைப் பள்ளியை மாற்றியமைக்க ஊரைக் கூட்டுவது எப்படி?

எங்கள் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியை எப்படி மாற்றலாம் என்று கருத்துக் கேட்க முதல் கூட்டம் போட்டபோது 300 அழைப்பிதழ்கள் அனுப்பினோம். வந்தவர்கள் 21 பேர். அதில் 12 பேர் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள். மேசைமேல் 40 பக்கத் திட்டம் அச்சடித்துத் தயாராக இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்த ஒரு அம்மா, "எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டீங்களே, அப்புறம் எங்கள எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

அந்தத் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். முடிக்க 11 மாதங்கள் ஆயின. அதில் பாதிக் காலம், எதை எப்போது செய்ய வேண்டும் என்று தெரியாததால் வீணானது. நீங்கள் பெற்றோராகவோ ஆசிரியராகவோ முன்னாள் மாணவராகவோ இந்த வேலையில் இறங்குகிறீர்கள் என்றால், அந்தப் பாதிக் காலமாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எதை மாற்ற முடியும் என்று முதலில் எழுதி வாங்குங்கள்

ஊரைக் கூட்டுவதற்கு முன்னால் தலைமையாசிரியரோடும் நிர்வாகத்தோடும் உட்காருங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: பள்ளியே மாற்றக்கூடியவை, மேலிடத்து அனுமதி வாங்கி மாற்றக்கூடியவை, இப்போதைக்குக் கை வைக்க முடியாதவை.

பாடவேளையின் நீளம், கால அட்டவணை, வீட்டுப்பாடத்தின் அளவு, பள்ளிக்குள் நடக்கும் தேர்வுகளின் எண்ணிக்கை, வெளியே போய் வேலை கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, மாணவர் மன்றத்தின் அதிகாரம் ஆகியவை பெரும்பாலும் முதல் பத்தியில் வரும். பள்ளி தொடங்கும் நேரம் பல இடங்களில் இரண்டாவதில் வரும். பொதுத்தேர்வும் அதற்கான பாடத்திட்டமும் அநேகமாக மூன்றாவதில்தான். இந்தத் தாளில் தலைமையாசிரியரின் கையொப்பமும் தேதியும் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள். பாதி வழியில் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனால் உங்கள் கையில் மிஞ்சுவது இந்த ஒரு தாள்தான்.

அதே தாளின் அடியில், மக்கள் சொல்வதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படிகளில் மக்களைச் சமாளித்து அனுப்புவது மட்டும் நடக்கும். நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் வரும். உச்சிக்குப் போகப் போக முடிவெடுக்கும் அதிகாரமே மக்கள் கைக்கு வரும். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லுங்கள். "கருத்து மட்டும்தான் கேட்கிறோம், முடிவு நிர்வாகம் எடுக்கும்" என்று நேராகச் சொன்னால் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள். முடிவே அவர்கள் கையில் இருப்பதுபோல் பேசிவிட்டுப் பிறகு மாற்றினால், அடுத்த முறை அந்த வாசலை மிதிக்கவே மாட்டார்கள்.

காலம்: இரண்டு முதல் நான்கு வாரம். செலவு எதுவும் இல்லை.

2. சின்னக் குழு போதும், ஆனால் மாணவர்கள் மூன்று பேராவது வேண்டும்

ஒன்பது பத்துப் பேர் போதும். ஆசிரியர் இருவர், பெற்றோர் இருவர் அல்லது மூவர், முன்னாள் மாணவர் ஒருவர், பள்ளிக்கு வெளியே தொழில் செய்யும் ஒருவர், மாணவர்கள் மூவர்.

ஏன் மூவர்? நாங்கள் முதலில் ஒரே ஒரு மாணவியைத்தான் சேர்த்தோம். இரண்டு மாதம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் இருவர் வந்து சேர்ந்த அன்று, மூவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் தயாரித்த கேள்வித்தாளில் ஏழு கேள்விகளை அடித்துப் போட்டார்கள். அடித்தது சரிதான்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளையைப் பிரதிநிதியாக அனுப்பிவிடுவார்கள். இப்போதிருக்கும் பள்ளி அந்தப் பிள்ளைக்குப் பொருந்திவிட்டது. அதில் என்ன குறை என்று அவளால் எவ்வளவு சொல்ல முடியும்? மூவரில் ஒருவராவது அடிக்கடி வராமல் நின்றுபோகும் பிள்ளையாக இருக்கட்டும்.

"சின்னப் பசங்களுக்கு இதில் என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்குத் தருகிறது. சிகாகோ நகரில் பொது உயர்நிலைப் பள்ளிகளின் உள்ளூர்ப் பள்ளிக் குழுக்களில் மாணவருக்கு இடம் இருக்கிறது. நியூசிலாந்திலும் உயர்நிலைப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு மாணவர்கள் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

3. காகிதங்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

எங்களுக்கு அதிகம் அடி விழுந்த இடம் இது. பேட்டி எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளிடம் பதிவு செய்த எதையும் பயன்படுத்தக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. சொன்னது நியாயம். 34 பதிவுகளை அழித்தோம்.

உங்களுக்கு வேண்டியவை இவை.

அனுமதிக் கடிதம். பள்ளி வளாகத்தையும் நேரத்தையும் பயன்படுத்த, தேதி வரம்போடு.

பெற்றோர் ஒப்புதல் படிவம். ஒரே பக்கம், வீட்டில் பேசும் மொழியில். பேசுவதற்கு ஒரு கையொப்பம், குரல் பதிவுக்கு ஒன்று, புகைப்படத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக வாங்குங்கள். மூன்றையும் ஒன்றாகக் கட்டினால், படம் எடுக்க விரும்பாத பெற்றோர் எல்லாவற்றுக்குமே மறுத்துவிடுவார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையிடம் தனியாக "உனக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

குறிப்புத் தாள். யார் பேசினார்கள் என்ற இடத்தில் பெயர் வேண்டாம். "மாணவர்", "பெற்றோர்", "முன்னாள் மாணவர்" என்று மட்டும் போதும். ஆசிரியரைப் பற்றி ஒரு பிள்ளை சொன்னது அந்தப் பிள்ளையின் பெயரோடு வெளியே போனால் அதன் விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளைதான்.

முடிவுப் பதிவேடு. ஒரு சாதாரண நோட்டு போதும். என்று, என்ன முடிவு, ஏன், யார் பொறுப்பு. ஆறு மாதம் கழித்து "இதை யார் சொன்னது?" என்ற சண்டை வரும்போது இந்த நோட்டு உங்களைக் காப்பாற்றும்.

பதிவுகளை யார் வைத்திருப்பார்கள், எந்தத் தேதியில் அழிப்பார்கள் என்பதையும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். படிவம் கொடுத்துத் திரும்ப வாங்க மூன்று வாரம் வையுங்கள். முதல் முறை பாதிதான் திரும்பி வரும். இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கும்.

4. பேசுவதற்கு முன்னால் ஒரு நாள் மாணவராக இருங்கள்

என்னைக் கேட்டால், வேறெதைச் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். குழுவில் உள்ள ஒவ்வொரு பெரியவரும் ஒரு மாணவரோடு ஒரு முழுப் பள்ளி நாள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் ஊர்ப் பெரியவர்களைத் திரும்ப மாணவர்களாகப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான், உள்ளூர் நிறுவனங்களின் நிஜமான பிரச்சினைகளை மாணவர்கள் எடுத்துச் செய்யும் அயோவா பிக் என்ற பள்ளி உருவானது.

நான் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவியின் பக்கத்தில், கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்தேன். ஏழு பாடவேளை. மூன்றாவது பாடவேளை முடிவதற்குள் முதுகு வலித்தது. நான்காவதில் என்ன பாடம் என்றே மனதில் ஏறவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பு எழுத வேண்டும் என்று முடிவு செய்திருந்ததால் எழுதிக்கொண்டே இருந்தேன். மாலையில் எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பெண் வகுப்பறையில் அன்று முழுக்க வாய் திறந்தது இரண்டே முறை. காலையில் வருகைப் பதிவுக்கு ஒருமுறை. "பக்கம் எத்தனை?" என்று ஆசிரியர் கேட்டபோது ஒருமுறை. இடைவேளையில் என்னிடம் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்த பெண் அவள்.

எங்கள் 40 பக்கத் திட்டத்தில் கணினி ஆய்வகம் இருந்தது, திறன் பலகை இருந்தது. பிள்ளை பேசுவதற்கு இடம் எங்கே என்ற கேள்வி ஒரு வரியில்கூட இல்லை.

எப்படிச் செய்வது என்றால், ஒரு மாணவருக்கு ஒரு பெரியவர் மட்டும். தன் சொந்தப் பிள்ளையோடு யாரும் போகக் கூடாது. முடிந்தால் பிள்ளை வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்திலேயே தொடங்குங்கள். பயணமும் பள்ளி நாளில் சேர்ந்ததுதான். கைப்பேசியைப் பையில் வையுங்கள். வகுப்பில் பதில் சொல்லாதீர்கள், ஆசிரியரை மதிப்பிடாதீர்கள். இது ஆய்வு இல்லை என்று ஆசிரியர்களிடம் ஒரு வாரம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அன்று மாலையே பிள்ளையோடு 20 நிமிடம் உட்கார்ந்து, "இன்றைக்கு எந்த நேரம் சீக்கிரம் போனது? எந்த நேரம் போகவே இல்லை?" என்று கேளுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் பாதி மறந்துபோகும்.

5. வராதவர்களிடம் நீங்கள் போங்கள்

கூட்டத்துக்கு வருபவர்கள் ஏற்கெனவே பள்ளியோடு ஒட்டுறவு உள்ளவர்கள். உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியிருப்பவர்கள் வராதவர்கள்: இரவு வேலைக்குப் போகும் பெற்றோர், பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டி, பள்ளியின் மொழி தெரியாதவர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் குடும்பங்கள், படிப்பைப் பாதியில் விட்டவர்கள். இவர்களின் பட்டியலைத் தனியாகப் போட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கோ வீட்டுக்கோ, அவர்களுக்கு வசதிப்படும் நேரத்தில் போங்கள்.

பாதியில் விட்ட ஓர் இளைஞரை அவர் வேலை செய்யும் பட்டறையில் பார்த்தேன். படிப்பு கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன். வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "கஷ்டம்லாம் இல்ல. மூணு வாரம் போகல. ஏன் வரலன்னு யாரும் கேக்கல. அப்புறம் போறதுக்குக் கூச்சமா இருந்துச்சு."

பள்ளியை முடித்து மூன்று முதல் ஐந்து வருடம் ஆன முன்னாள் மாணவர்களையும் விடாதீர்கள். நினைவும் இருக்கும், எது பயன்பட்டது என்ற தெளிவும் இருக்கும். 20 வருடத்துக்கு முன் படித்தவர்கள் அன்பாகப் பேசுவார்கள். ஆனால் அவர்கள் பேசுவது வேறொரு பள்ளியைப் பற்றி.

காலம்: ஆறு முதல் எட்டு வாரம். அவசரப்படுத்தாதீர்கள்.

6. கேள்விகளை ஐந்து பேரிடம் சோதித்துப் பாருங்கள்

"நம் பள்ளியின் தரத்தை உயர்த்த என்ன செய்யலாம்?" என்று கேட்டால் "நல்லா சொல்லிக்கொடுக்கணும்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக எப்போது உங்கள் பிள்ளை பள்ளியில் நடந்ததை வீட்டில் ஆர்வமாகச் சொன்னாள்? என்ன சொன்னாள்?" "பள்ளி முடித்த முதல் வருடம் உங்களுக்கு எது தெரியாமல் கஷ்டப்பட்டீர்கள்?" "எந்த நாளில் பள்ளிக்குப் போகப் பிடிக்காது? அன்றைக்கு என்ன இருக்கும்?"

ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். அச்சடிக்கும் முன் ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். இருவர் "அப்படீன்னா?" என்று திருப்பிக் கேட்டால் அந்தக் கேள்வியை மாற்றுங்கள்.

7. கூட்டம்: மேடை வேண்டாம், சின்ன மேசைகள் போதும்

மேடை, ஒலிபெருக்கி, வரவேற்புரை என்று போனால் நான்கு பேர் மட்டும்தான் பேசுவார்கள். 1995-ல் தொடங்கிய 'வேர்ல்டு கஃபே' என்ற முறை எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்தது. மேசைக்கு நான்கைந்து பேர், ஒரு கேள்வி, 20 நிமிடம். பிறகு ஒருவர் மட்டும் அதே மேசையில் தங்க, மற்றவர்கள் வேறு வேறு மேசைக்குப் போவார்கள். தங்கியவர், முன்பு பேசியதைப் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்வார். மூன்று சுற்று. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மேசைகளை மாணவர்களே நடத்தட்டும். முந்தைய நாள் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுங்கள்.

ஒரே கூட்டத்தை இரண்டு வேறு நேரங்களில் வையுங்கள். சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து அறையில் ஆள் போடுங்கள். எங்கள் இரண்டாவது முயற்சியில் தாய்மார்கள் எண்ணிக்கை கூடியதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு கூட்டம், பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால். "எல்லாப் பழியும் நம்ம தலையில்தான் விழும்" என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். அது காரணமில்லாத பயம் இல்லை. அவர்களுக்கு எழுத்து வேலை எவ்வளவு, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதையெல்லாம் அவர்கள் வாயாலேயே ஊர் கேட்க வேண்டும்.

8. சேர்ந்ததைப் படிக்க நேரம் ஒதுக்குங்கள்

ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத நான்கு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். எழுதியதை இருவர் தனித்தனியாகப் படித்து வகை பிரித்து, பிறகு ஒப்பிடுங்கள். ஒருவரே பிரித்தால் தனக்குப் பிடித்ததுதான் பெரிதாகத் தெரியும். ஒருவர் மட்டும் சொன்னது என்று எதையும் தூக்கி எறியாதீர்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒரே ஒருத்திதான் என்றால், ஆய்வகத்தின் வாசல் குறுகல் என்று சொல்ல அவளைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

9. ஒரு பருவத்துக்கு மட்டும் செய்து பாருங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒரு வகுப்பு, ஒரு பருவம், முடியும் தேதி. எங்கள் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு நாள் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து ஒரே நீளமான வேளையாக்கினோம்; அதில் பாதி நேரம் பிள்ளைகள் பேசவும் செய்து பார்க்கவும். தொடங்குமுன் வருகைப் பதிவையும், ஒரு வேளையில் எத்தனை பிள்ளைகள் பேசுகிறார்கள் என்பதையும் குறித்து வைத்தோம். முன்னால் எண்ணாவிட்டால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது.

ஆராய்ச்சி தெளிவாகச் சொல்லும் விஷயத்திலும்கூட ஊரைக் கேளுங்கள். பதின்பருவத்தில் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகிறது. அதனால் பள்ளி காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-ல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா 2019-ல் சட்டமே போட்டது. 2022-ல் நடைமுறைக்கு வந்தது. சரி, நேரத்தைத் தள்ளினால் தம்பி தங்கையை யார் பள்ளியில் விடுவது, பேருந்து எப்போது வரும், மாலை வேலைக்குப் போகும் மாணவன் என்ன செய்வான்? இதற்கெல்லாம் பதில் அந்தந்த வீட்டில்தான் இருக்கிறது.

10. செலவையும் நாள்காட்டியையும் முதலிலேயே போடுங்கள்

பள்ளி வளாகத்தில் நடத்தினால் இடத்துக்குச் செலவில்லை. பணம் போவது மொழிபெயர்ப்பாளருக்கும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கும், வர வசதியில்லாதவர்களின் பயணத்துக்கும், அச்சுக்கும். கணக்கில் வராத பெரிய செலவு ஆசிரியர்களின் நேரம். அவர்களுக்கு வாரம் ஒரு பாடவேளையாவது விடுவித்துக் கொடுக்கத் தலைமையாசிரியரிடம் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் மூன்றாவது மாதம் சோர்ந்துவிடுவார்கள். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். கடைசிப் படிக்கு அது தேவைப்படும். நாங்கள் எல்லாவற்றையும் கூட்டத்திலேயே செலவழித்துவிட்டு, முடிவுகளை அச்சடிக்கக் கைப்பணம் போட்டோம்.

கல்வியாண்டு தொடங்கிய இரண்டாவது மாதம் ஆரம்பிப்பது நல்லது. தேர்வு நடக்கும் வாரங்களையும் முடிவு வரும் வாரத்தையும் நாள்காட்டியில் முதலிலேயே அடித்துவிடுங்கள். அந்த நாட்களில் ஒருவரும் நிதானமாகப் பேச மாட்டார்கள்.

11. திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

கடைசிக் கூட்டம் முடிந்த மூன்று வாரத்துக்குள் ஒரே பக்கத் தாள் தயாராக வேண்டும். மூன்று பத்தி: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்யப் போவது, செய்ய முடியாததற்குக் காரணம். மூன்றாவது பத்தியை யாரும் எழுத விரும்ப மாட்டார்கள். அதைத்தான் கவனமாக எழுத வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று எழுதுங்கள், அல்லது முடியாது என்று எழுதுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நேரில் போய்க் கேட்டவர்களுக்கு நேரில்தான் கொடுக்க வேண்டும். நான் அந்தப் பட்டறைக்குத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே ஒருவர் பேச வேண்டும் என்ற வரி முதல் பத்தியிலும் இருந்தது, இரண்டாவதிலும் இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, அந்த வரியை இரண்டு முறை படித்தார். "யார் பேசுவாங்க, பேரு போட்டிருக்கா?" என்று கேட்டார். பேர் போடவில்லை. மறுவாரம் ஒரு ஆசிரியரின் பெயரையும், அவர் விடுப்பில் இருந்தால் பேச வேண்டியவரின் பெயரையும் சேர்த்துத் தாளைத் திரும்ப அச்சடித்தோம்.